அவநம்பிக்கையும் கட்சி விசுவாசமும்: திருகோணமலையின் அனுபவம்

இயற்கைத் துறைமுகத்தாற் சிறப்புற்ற திருகோணமலையின் வரலாற்றை வல்லரசுகளின் போட்டிக்களமாக நோக்குவதே பெருவழக்கு. போர்த்துக்கேயர் முதல் ஆங்கிலேயர் வரை பலரும் அதனைக் கைப்பற்ற முனைந்தமையும், 1957 இல் பிரித்தானியக் கடற்படைத்தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டமையும் விரிவாகவே பேசப்படுகின்றன. அத்துறைமுகத்தைச் சூழ்ந்து வாழும் மக்கள் தம்மை ஆள்வோரை எவ்வாறு மதிப்பிட்டனர் என்பதும் ஆராயத்தக்கதே. ஆட்சியாளர்மீது அவநம்பிக்கையும் கட்சிமீது விசுவாசமும் இங்குள்ள தமிழரிடையே ஒருங்கே வளர்ந்தன. ஒன்று மற்றொன்றுக்கு உரமாயிற்று என்பதே இக்கட்டுரையின் துணிபு.

1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழரசுக் கட்சி இரண்டு தொகுதிகளையே வென்றது. தலைவர் செல்வநாயகம் காங்கேசன்துறையில் தோற்றபோது கோப்பாயும் திருகோணமலையுமே கட்சிக்குக் கைகொடுத்தன. 1956 ஓகஸ்டில் இந்நகரிற் கூடிய கட்சி மாநாடு சமஷ்டிக் கோரிக்கையை முன்வைத்து அரசுக்குக் காலக்கெடு விதித்தது. அதன் விளைவாக 1957 ஜூலையிற் கைச்சாத்தான பண்டாரநாயக்க–செல்வநாயகம் உடன்படிக்கை, 1958 ஏப்ரலிற் கைவிடப்பட்டது. எழுதிய வாக்கும் நிலைக்காது என்பதே மக்கள் பெற்ற முதற் பாடமாகும்.

இரண்டாம் பாடம் இன்னும் நெருக்கமானது. 1965 மார்ச்சில் டட்லி சேனாநாயக்கவுடன் செய்யப்பட்ட உடன்படிக்கை அன்று மக்கள்முன் வெளியிடப்படவில்லை. அதன் பயனாக மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார். 1968 இல் வெள்ளை அறிக்கையாக வெளிவந்த மாவட்ட சபைத் திட்டம் எதிர்ப்பினாற் கைவிடப்பட்டது. அதே ஆண்டில், பிரெட்றிக் கோட்டைக்குள் அமைந்த திருக்கோணேஸ்வரச் சூழலைப் புனிதப் பிரதேசமாக்குவது பற்றி ஆராய அமைச்சர் நியமித்த குழுவின் பணியைப் பௌத்த பிக்கு ஒருவரின் ஆட்சேபத்தையடுத்துப் பிரதமர் நிறுத்தினார். அமைச்சர் பதவி துறந்தார். 1970 இலும் திருகோணமலை தமிழரசுக் கட்சியையே தெரிவுசெய்தது. அரசில் அங்கம் வகித்த காலத்திற் கட்சி எதனைச் சாதித்தது என்ற வினாவினும், கட்சி வஞ்சிக்கப்பட்டது என்ற உணர்வே மேலோங்கியது எனக் கருத இடமுண்டு. பிறர் இழைத்த துரோகம் தம் தலைவருக்கு அரணாயிற்று.

போர்க்காலத்தில் இவ்வவநம்பிக்கை பாதுகாப்புத் துறையினர்மீது மேலும் இறுகியது. 2006 ஜனவரி 2 இல் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர் கொல்லப்பட்டனர். அவர்கள் வைத்திருந்த குண்டு வெடித்ததாகவே முதலிற் கூறப்பட்டது. உடல்களிற் காணப்பட்ட துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைப் பத்திரிகையாளர் சுகிர்தராஜனின் ஒளிப்படங்கள் வெளிப்படுத்தின. அதே மாதம் 24 இல் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். இக்கொலைகளையும் விசாரித்த உடலாகம ஆணைக்குழுவின் அறிக்கை 2015 வரை வெளியிடப்படவில்லை. மாணவர் கொலை தொடர்பிற் கைதான விசேட அதிரடிப்படையினர் 13 பேரும் சான்று போதாமையால் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர். சாட்சி சொல்வோருக்குக் காப்பில்லாத நாட்டிற் சான்று எங்ஙனம் திரளும்?

இவ்வையம் ஓரினத்துக்கு மட்டும் உரியதன்று. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் பற்றிய எச்சரிக்கை முன்னரே கிடைத்திருந்தும் அவை தடுக்கப்படவில்லை. பாதிக்கப்பட்டோரும் மதகுருமாரும் சட்டத்தரணிகளும் உயர் நீதிமன்றத்தை நாடினர். 2023 ஜனவரியில் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபாவும், அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் தலைவர் நிலந்த ஜயவர்தன 75 மில்லியன் ரூபாவும் இழப்பீடாகச் செலுத்துமாறு தீர்ப்பளிக்கப்பட்டது. அவநம்பிக்கை முணுமுணுப்பாக அடங்கிவிடாது வழக்காக வடிவெடுத்தமையே இதன் சிறப்பு.

ஆட்சியாளரை ஐயுறுவது எளிது. நாமே தெரிவுசெய்தவரிடம் கணக்குக் கேட்பது அரிது. மறைவில் எழுதப்படும் உடன்படிக்கையும் மறைத்து வைக்கப்படும் அறிக்கையும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கூடிவாழும் இம்மாவட்டத்தில், மாற்றாரிடம் கேட்கும் கேள்வியைத் தத்தம் தலைவரிடமும் கேட்கத் துணியும் நாளிலேயே விசுவாசம் குருட்டுப் பற்றாகாது நற்குடிமைப் பண்பாக மலரும்.