இருபத்து மூன்று பவுண்டு

புறநானூற்றின் 299ஆம் பாடல் பொன்முடியார் பாடியது. துறை குதிரை மறம். சீறூர் மன்னன் ஒருவனின் குதிரை உழுந்துச் சக்கையைத் தின்று வளர்ந்தது. பெருவேந்தரின் குதிரைகளோ நெய் கலந்த உணவு உண்டவை. களத்தில் படையைப் பிளந்துகொண்டு செல்வது முன்னது. ஒதுங்கி நிற்பவை பின்னவை. இப்பாடலை நடத்தும்போதெல்லாம் ரெட் ரம் என்ற பந்தயக் குதிரையின் கதையையும் வகுப்பில் சேர்த்துச் சொல்வேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி கேட்ட கேள்வி, அக்கதையை நான் சொல்லும் முறையையே மாற்றிவிட்டது.

இங்கிலாந்தில் லிவர்பூல் நகரை அடுத்த எயின்ட்ரீ திடலில் ஆண்டுதோறும் நடைபெறுவது கிராண்ட் நேஷனல் பந்தயம். நாம் கேள்விப்பட்ட கிண்டிப் பந்தயங்களைப் போல அது சமதள ஓட்டமன்று. 1973இல் குதிரைகள் ஏறத்தாழ நாலரை மைல் ஓடி, வேலியும் அகழியுமாக முப்பது தடைகளைத் தாண்டவேண்டியிருந்தது. தொடங்கும் குதிரைகளில் பல முடிவுக்கம்பத்தைக் காண்பதில்லை.

எயின்ட்ரீக்கு வடக்கே, கடற்கரை ஊரான சவுத்போர்ட்டில் ஜிஞ்சர் மெக்கெய்ன் என்பவர் வாழ்ந்தார். டாக்சி ஓட்டியவர், பழைய கார்களை வாங்கி விற்றவர். கார்க் கடையின் பின்புறத்தில் இருந்தது அவருடைய குதிரை லாயம். அவருடைய டாக்சியில் வழக்கமாகப் பயணம் செய்த நோயல் லெ மேர், எண்பது வயதைக் கடந்த செல்வர். கிராண்ட் நேஷனலில் தம் குதிரை வெல்லவேண்டும் என்பது அம்முதியவரின் இளமைக்கால ஆசை. 1972 ஆகஸ்டில் டான்காஸ்டர் ஏலத்தில் அவருக்காக 6,000 கினி கொடுத்து ரெட் ரம்மை மெக்கெய்ன் வாங்கினார்.

வாங்கி வந்தபின்தான் குதிரை நொண்டுவது தெரிந்தது. குளம்பினுள் இருக்கும் எலும்பில் அழற்சி. பந்தயக் குதிரையின் வாழ்வையே முடித்துவிடக்கூடிய நோய். இறால் பிடிப்போரின் வண்டிகளை இழுத்த குதிரைகள் கடல்நீரில் நடந்து கால் தேறியதை மெக்கெய்ன் முன்னரே கண்டிருந்தார். ரெட் ரம்மையும் கடலுக்குள் இறக்கினார். குதிரை நொண்டாமல் திரும்பியது. பசும்புல் திடல்களில் ஓடிப் பழகும் குதிரைகளுக்கு எதிராக, சவுத்போர்ட்டின் ஈர மணலில் ஓடியே அது தயாராயிற்று.

மறுபுறம் பெர்க்ஷயரின் லேம்பர்ன் கிராமத்தில் ஃபிரெட் வின்டரின் புகழ்பெற்ற லாயம் இருந்தது. ஜாக்கியாக இருமுறையும் பயிற்சியாளராக இருமுறையும் இதே பந்தயத்தில் வென்றவர் அவர். அவருடைய நம்பிக்கை கிரிஸ்ப் என்ற ஆஸ்திரேலியக் குதிரை. 1973 மார்ச் 31 அன்று களமிறங்கிய 38 குதிரைகளுள் பந்தயம் கட்டியோர் மிகுதியாக நம்பியவை கிரிஸ்ப்பும் ரெட் ரம்மும்தான். இரண்டுக்கும் ஒன்றுக்கு ஒன்பது என்ற ஒரே விகிதம்.

ஆனால் இரண்டும் ஒரே சுமையுடன் ஓடவில்லை. இது ஹேண்டிகேப் முறைப் பந்தயம். குதிரைகளின் முந்தைய ஓட்டங்களை ஆராய்ந்து, வலியதற்கு மிகுதியாகவும் எளியதற்குக் குறைவாகவும் சுமையை முன்கூட்டியே வகுத்துவிடுவார்கள். ஜாக்கியின் எடை போதாவிட்டால் சேணத்தோடு ஈயத்தகடு சேரும். எடைப்பட்டியல் வெளியாகும் நாளில்தான் ஒவ்வொரு லாயத்தின் கணக்கும் தொடங்குகிறது. கிரிஸ்ப்புக்கு 168 பவுண்டு. ரெட் ரம்முக்கு 145. வேறுபாடு 23 பவுண்டு, அதாவது ஏறத்தாழப் பத்தரைக் கிலோ.

கிரிஸ்ப் அன்று ஓடிய ஓட்டத்தை இன்றும் வியந்து பேசுகிறார்கள். ஒரு கட்டத்தில் ஏறத்தாழ முப்பது குதிரை நீளம் முன்னால் சென்றது. கடைசித் தடையைத் தாண்டியபோதும் தெளிவாக முந்தியே இருந்தது. எஞ்சியது ஐந்நூறு கஜத்துக்குச் சற்றுக் குறைவான வெறும் ஓட்டம். அங்கே அதன் கால்கள் தளர்ந்தன. ஜாக்கி ரிச்சர்ட் பிட்மன் சாட்டையைப் பயன்படுத்தியதும் குதிரை பக்கவாட்டில் விலகியது. அது தம் பிழையென்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். பிரையன் ஃபிளெட்சர் செலுத்திய ரெட் ரம், முடிவுக்கம்பத்துக்குச் சற்று முன்னால் முந்தி முக்கால் நீளத்தில் வென்றது. நேரம் 9 நிமிடம் 1.9 நொடி. 1934இன் சாதனையை அது ஏறத்தாழப் பத்தொன்பது நொடி குறைத்தது. தோற்ற கிரிஸ்ப்பும் அச்சாதனையை முறியடித்திருந்தது.

நான் பல்லாண்டுகளாக இக்கதையைச் சொன்னபோது எடைக் கணக்கை விட்டுவிடுவேன். கார்க் கடை, கடல்நீர், வெற்றி என்ற மூன்றும் பொன்முடியாரோடு அழகாகப் பொருந்தின. நான்காவதாக ஒன்று குறுக்கே வரவேண்டாம் என்று நினைத்தேன். ஒருமுறை வாய்தவறி 23 பவுண்டைக் குறிப்பிட்டுவிட்டேன். உடனே அந்த மாணவி எழுந்து, "அப்படியானால் வென்றது குதிரையா, எடையா ஐயா?" என்று கேட்டாள். பொன்முடியாரின் குதிரைக்கு யாரும் சுமையைக் குறைத்துக் கொடுக்கவில்லையே!

அவள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதே 1973 நவம்பரில் டான்காஸ்டரில் இரு குதிரைகளும் சம எடையுடன் மோதின. கிரிஸ்ப் எட்டு நீளத்தில் வென்றது. ஆனால் வரலாறு அங்கும் முடியவில்லை. 1974இல் 168 பவுண்டு ரெட் ரம்மின் முதுகில் ஏறியது; அதைச் சுமந்தே மீண்டும் கிராண்ட் நேஷனலை வென்றது. 1975, 1976 ஆண்டுகளில் இரண்டாமிடம். 1977இல் மூன்றாம் வெற்றி. அப்பந்தயத்தை மும்முறை வென்ற குதிரை வேறில்லை. எயின்ட்ரீ திடல் கைமாறி, பந்தயமே நின்றுவிடுமோ என்ற அச்சம் சூழ்ந்திருந்த ஆண்டுகள் அவை. மக்களின் நினைவில் பந்தயத்தை உயிர்ப்புடன் வைத்திருந்ததில் இக்குதிரைக்குப் பெரும்பங்கு உண்டு. 1995இல் இறந்த அதனை எயின்ட்ரீயின் முடிவுக்கம்பத்தருகே புதைத்தார்கள்.

இப்போது வகுப்பில் முழுக்கதையையும் சொல்கிறேன். கார்க் கடையின் பின்னாலிருந்த லாயத்துக்கு 1973இல் நம்பிக்கை கொள்ள இடமளித்தவற்றுள் அந்த 23 பவுண்டும் ஒன்று. அந்த இடத்துக்குத் தான் தகுதியானது என்பதை அடுத்த ஆண்டு, அதே சுமையைத் தானே ஏற்று ரெட் ரம் மெய்ப்பித்தது. எளியவரின் வெற்றியைக் கொண்டாடும்போது, அன்று கூடுதல் சுமையோடு ஓடித் தோற்றவரின் பெயரையும் சொல்லிவிடவேண்டும். கிரிஸ்ப் என்ற பெயரை என் மாணவர்கள் இப்போது அறிவார்கள்.