ஒரு கோலின் தூரம்

போடிநாயக்கனூரிலிருந்து மலையேறும் ஏலத்தோட்டக்காரர்களுக்கு அதிர்ஷ்டத்தைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. நிழல் மரங்களைக் கவாத்து செய்வதும் செடியைப் பேணுவதும் அவர்கள் கையில். கோடை மழை அவர்கள் கையில் இல்லை. விளைச்சலில் உழைப்பின் பங்கு எவ்வளவு, மழையின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது எளிதன்று.

கோல்கள் குறைவாக விழும் ஆட்டங்களிலும் இதே சிக்கல்தான். பனி ஹாக்கியில் வெற்றியைத் தீர்மானிப்பது கோல்கீப்பரா, அதிர்ஷ்டமா என்பது ஓயாத விவாதம். அங்கே ஸ்டான்லி கோப்பைக்காக இரு அணிகள் ஏழு ஆட்டங்கள் வரை மோதுவதால் தற்செயல் ஓரளவு சமனாகிவிடுகிறது. ஒலிம்பிக் இறுதியோ ஒரே ஆட்டம்.

நமது ஹாக்கி வரலாற்றில் இதற்கு அரியதொரு சான்று உண்டு. 1956 மெல்போர்ன், 1960 ரோம், 1964 டோக்கியோ ஆகிய மூன்று ஒலிம்பிக் இறுதிகளிலும் இந்தியாவும் பாகிஸ்தானுமே மோதின. மூன்றிலும் இந்திய கோலைக் காத்தவர் ஷங்கர் லட்சுமண். 1956இல் ரந்தீர் சிங் ஜென்டிலின் பெனால்டி கார்னர் கோலால் 1-0 என வென்றோம். 1960இல் நசீர் அகமது அடித்த கோலால் 0-1 எனத் தோற்றோம். 1964இல் மொகிந்தர் லாலின் பெனால்டி ஸ்ட்ரோக்கால் மீண்டும் 1-0.

மூன்று இறுதிகளில் லட்சுமண் விட்டது ஒரே ஒரு கோல். ஆனால் அந்த ஒன்று விழுந்த நாளில் நம் முன்கள வீரர்கள் ஒரு கோலும் அடிக்கவில்லை. 1928 முதல் தொடர்ந்து வந்த தங்கம் கைநழுவியது. கோல்கீப்பரால் ஆட்டத்தை வென்று தர இயலாது. ஒரு கோலே போதும் என்ற நிலையை மட்டுமே அவரால் உண்டாக்க முடியும். அந்த ஒரு கோல் வருமா என்பதில்தான் அதிர்ஷ்டம் நுழைகிறது.

அண்மைக்கால வரலாறும் இதையே சொல்கிறது. 2024 ஆகஸ்ட் 4 அன்று பாரிஸ் காலிறுதியில், அமித் ரோகிதாஸ் 17ஆவது நிமிடத்தில் சிவப்பு அட்டை பெற்று வெளியேறியபின், பத்துப் பேருடன் ஆடிய இந்தியா பிரிட்டனை 1-1 என நிறுத்தியது. ஷூட்-அவுட்டில் 4-2 என வென்றது. கோலில் நின்றவர் கேரளத்தின் ஸ்ரீஜேஷ். அவரே காத்தும், இரு நாள் கழித்து அரையிறுதியில் ஜெர்மனியிடம் 2-3 எனத் தோற்றோம். 2025இல் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில் அவர் பயிற்றுநராக நின்றபோது, இந்திய இளைஞர்கள் வெண்கலம் வென்றார்கள்.

லட்சுமணின் இரு தங்கங்களை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அவருடைய திறனை அளக்க, அந்த ரோம் வெள்ளியையும் சேர்த்தே எண்ண வேண்டும்.