ட்ரோன் ரேஸுக்கு வெளிநாடு போகணுமா? நெல்லை இளைஞர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் சீறிப் பாயும் குட்டி ட்ரோன்கள் பந்தயம் போடும் விளையாட்டுக்கு இப்போ உலக சாம்பியன்ஷிப்பே நடக்குது. ஆனா பேட்டரி, சுங்கம், அனுமதி இந்த மூணையும் சரியா கவனிக்கலன்னா, நம்ம ட்ரோன் போட்டி மைதானத்துக்கே போய்ச் சேராது. முழு விவரம் இதோ.

ட்ரோன் ரேஸ்னா என்ன?

ட்ரோனில் இருக்கும் கேமரா காட்டும் காட்சியை, கண்ணில் மாட்டிய கருவி வழியா பார்த்தபடியே ஓட்டணும். வளையங்களையும் கொடிக்கம்பங்களையும் வரிசை தப்பாம கடந்து, முதலில் முடிப்பவர்தான் வெற்றியாளர். ஒரு பேட்டரி சில நிமிடங்கள்தான் தாங்கும்.

சர்வதேச வான்விளையாட்டு கூட்டமைப்பான எஃப்.ஏ.ஐ.யின் முதல் உலக ட்ரோன் ரேஸ் சாம்பியன்ஷிப், 2018 நவம்பரில் சீனாவின் ஷென்சென் நகரில் நடந்தது. பட்டம் வென்றவர் ஆஸ்திரேலியாவின் ரூடி பிரவுனிங். அப்போ அவருக்கு வயசு 15 தான்!

இந்தியா சார்பில் போக என்ன வேணும்?

நல்லா ஓட்டத் தெரிஞ்சா மட்டும் போதாது. உலக சாம்பியன்ஷிப்புக்கு எஃப்.ஏ.ஐ. விளையாட்டு உரிமம் தேவை. எஃப்.ஏ.ஐ.யில் இந்தியாவின் உறுப்பு அமைப்பு ஏரோ கிளப் ஆஃப் இந்தியா. தனியார் நடத்தும் போட்டிகளுக்கு விதிமுறைகள் வேற.

பேட்டரியை எப்படி கொண்டு போறது?

கூடுதல் லித்தியம் பேட்டரிகளை செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து இருப்பதால், கையில் எடுத்துப்போகும் பையில்தான் வைக்கணும். முனைகளை டேப் ஒட்டி மூடுவது அவசியம்.

100 வாட்-அவர் வரை பொதுவா அனுமதி உண்டு. 100 முதல் 160 வரைன்னா விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேணும். கணக்கு ரொம்ப சிம்பிள்: வோல்ட்டேஜையும் ஆம்பியர்-அவரையும் பெருக்குங்க. ரேஸில் அதிகம் பயன்படும் 22.2 வோல்ட், 1300 எம்.ஏ.எச். பேட்டரின்னா, 22.2 x 1.3 = சுமார் 29 வாட்-அவர். எத்தனை பேட்டரி கொண்டு போகலாம்னு விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுடுங்க.

திரும்பி வரும்போது என்ன சிக்கல்?

முழு ட்ரோனை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய மத்திய அரசு 2022 பிப்ரவரி 9 முதல் தடை போட்டிருக்கு. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற தேவைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. அதனால கிளம்பும்போதே விமான நிலைய சுங்கத்துறையிடம் ட்ரோனைக் காட்டி, 'எக்ஸ்போர்ட் சர்டிபிகேட்' வாங்கிடணும். "இது இங்கிருந்து கொண்டு போனதுதான்" என்பதற்கு அதுதான் ஆதாரம்.

நெல்லையில் எங்கே பயிற்சி செய்யலாம்?

கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ மையம், விஜயநாராயணம் கடற்படைத் தளம் மூன்றுமே நெல்லை மாவட்டத்தில்தான் இருக்கு. தாமிரபரணி உற்பத்தியாகும் மலைப்பகுதியோ களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். காரையாறு அணை அழகா இருக்குன்னு அங்கே ட்ரோனைக் கிளப்பினா வழக்குதான் மிஞ்சும்.

பறக்கவிடும் முன் 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் அந்த இடம் பச்சை மண்டலமான்னு பாருங்க. பிசான அறுவடை முடிஞ்ச வயல், உரிமையாளர் சம்மதிச்சா நல்ல மைதானம். விழுந்தாலும் சேதம் குறைவு.

2021 ட்ரோன் விதிகளின்படி, 2 கிலோ வரையிலான ட்ரோனை வணிக நோக்கமில்லாம ஓட்ட பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனா ட்ரோனுக்குப் பதிவு எண் வேணும். விதியை மீறினா 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

நம்ம ஆட்கள் சாதிச்சிருக்காங்களா?

ரேஸ் இல்லைன்னாலும், ட்ரோன் போட்டியில் சாதிச்சிருக்காங்க. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் 'தக்‌ஷா' அணி, 2018-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த 'மெடிக்கல் எக்ஸ்பிரஸ்' போட்டியில் இரண்டாம் இடம் பிடிச்சது. அணியின் ஆலோசகர் நடிகர் அஜித்குமார். மருத்துவ அவசரத்தில் ட்ரோன் எப்படி உதவும்னு சோதிக்கும் போட்டி அது.

அந்தத் தேவை நமக்குப் புதுசில்ல. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரை ஊர்கள் துண்டிக்கப்பட்டு, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கினப்போ, ஹெலிகாப்டரில்தான் உணவு வந்தது. ரேஸுக்காக ட்ரோனைக் கட்டவும், பழுது பார்க்கவும், நெருக்கடியில் பதறாம ஓட்டவும் பழகின இளைஞர்கள், அடுத்த வெள்ளத்தில் ஊருக்கே கைகொடுக்கலாம்.