கழுத்து யாருடையது? ஜாக் ஐக்கெலின் சத்திரசிகிச்சையும் அணி மாற்றமும்

ஐஸ் ஹொக்கியில் வீரர் ஒருவர் காயமடைந்தால் எப்படிச் சிகிச்சை பெறுவது என்பதை யார் தீர்மானிப்பது? வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில் (என்.எச்.எல்) இக்கேள்வியைப் பெரிதாக எழுப்பியவர் ஜாக் ஐக்கெல்.

அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த இவர், 2015ஆம் ஆண்டு வீரர் தெரிவில் இரண்டாவதாக பஃபலோ சேபர்ஸ் அணியால் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2017இல் 8 ஆண்டுகளுக்கு 80 மில்லியன் டொலர் ஒப்பந்தம் கிடைத்தது. அடுத்த ஆண்டு அணித்தலைவரானார். ஆனால் அவர் அங்கு விளையாடிய ஆறு பருவங்களில் ஒன்றிலேனும் பஃபலோ பிளேஓஃப் சுற்றுக்குச் செல்லவில்லை.

காயமும் முரண்பாடும்

2021 மார்ச் 7 அன்று நியூயோர்க் ஐலண்டர்ஸ் அணியுடனான ஆட்டத்தில் அவரது கழுத்து எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கியது. அத்துடன் அவரது பருவம் முடிந்தது. பழுதடைந்த வட்டை அகற்றி, மேலும் கீழுமுள்ள எலும்புகளை ஒன்றாகப் பொருத்தும் சத்திரசிகிச்சையையே அணி வைத்தியர்கள் பரிந்துரைத்தனர். பலகாலமாகச் செய்யப்பட்டுவரும் முறை அது. ஆனால் பொருத்திய இடத்தில் அசைவு இல்லாது போவதால் அயலிலுள்ள வட்டுகளில் சுமை கூடும். பின்னாளில் மீண்டும் சத்திரசிகிச்சை தேவைப்படலாம். எனவே அசைவைக் காக்கும் செயற்கை வட்டையே ஐக்கெல் விரும்பினார். அதுவரை எந்த என்.எச்.எல் வீரரும் அதைச் செய்துகொண்டதில்லை என்பதே அணியின் தயக்கம்.

லீக்கிற்கும் வீரர் சங்கத்திற்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தப்படி, வீரர் வேறு வைத்தியரின் கருத்தைப் பெறலாம். ஆனால் இறுதி முடிவு அணியிடமே இருந்தது. அந்தக் கோடைகாலம் முழுவதும் இழுபறியிலேயே கழிந்தது. செப்டெம்பரில் உடற்தகுதிச் சோதனையில் தேறாத அவரிடமிருந்து தலைவர் பதவியும் பறிக்கப்பட்டது.

புதிய அணி

2021 நவம்பர் 4 அன்று வேகாஸ் கோல்டன் நைற்ஸ் அவரைப் பெற்றுக்கொண்டது. பதிலாக அலெக்ஸ் ரக், பேற்றன் கிறெப்ஸ் ஆகியோரும் வீரர் தெரிவு வாய்ப்புகளும் பஃபலோவுக்குச் சென்றன. ஐக்கெல் விரும்பிய சிகிச்சைக்கு வேகாஸ் சம்மதித்தது. நவம்பர் 12 அன்று செயற்கை வட்டு பொருத்தப்பட்டது. மூன்று மாதங்களில், 2022 பெப்ரவரி 16 அன்று, கொலராடோ அவலாஞ்ச் அணிக்கெதிராக அவர் களமிறங்கினார்.

ஆயினும் உடல் தேறியது போல மற்றவை உடனே கூடிவரவில்லை. மார்ச் 10 அன்று பஃபலோவில் விளையாடச் சென்றபோது, ஒருகாலத்தில் அவரைக் கொண்டாடிய இரசிகர்களே கூச்சலிட்டு எதிர்த்தனர். அன்று வேகாஸ் தோற்றது. அப்பருவத்தில், 2017இல் லீக்கில் இணைந்த பின் முதல் தடவையாக, வேகாஸ் பிளேஓஃப் வாய்ப்பையும் இழந்தது. பயிற்சியாளர் மாற்றப்பட்டு புறூஸ் கசிடி வந்தார்.

2022 கோடை வேறுவிதமாக அமைந்தது. சிகிச்சை பற்றிய தகராறு இல்லை. அடுத்த பருவத்துக்கு ஆயத்தமாவது மட்டுமே வேலை. கசிடியின் கீழ், கோல் அடிப்பதோடு பின்னால் வந்து தடுத்தாடும் பொறுப்பையும் ஐக்கெல் ஏற்றார். 2022-23 பருவத்தில் 67 ஆட்டங்களில் 66 புள்ளிகள் பெற்றார். தன் வாழ்வின் முதலாவது பிளேஓஃபில் 22 ஆட்டங்களில் 26 புள்ளிகளுடன் லீக்கில் முதலிடம் பிடித்தார். 2023 ஜூன் 13 அன்று புளோரிடா பாந்தர்ஸை 9-3 என வென்று வேகாஸ் ஸ்ரான்லி கிண்ணத்தைக் கைப்பற்றியது.

எஞ்சுவது என்ன?

ஐக்கெலின் சிகிச்சைக்குப் பின், 2021 டிசம்பரில் சிக்காகோ பிளாக்ஹோக்ஸ் வீரர் ரைலர் ஜோன்சனும் செயற்கை வட்டைப் பொருத்திக்கொண்டார். ஐக்கெல் வென்றதால் அவரது தெரிவு எல்லோருக்கும் பொருந்தும் என்றாகிவிடாது. பஃபலோவின் எச்சரிக்கைக்கும் காரணம் இருந்தது. ஆனால் விளையாட்டுக்காலம் முடிந்த பின்னும் அந்தக் கழுத்தோடு பல பத்தாண்டுகள் வாழப்போகிறவர் வீரர்தான். அணியின் கணக்கு ஒப்பந்தம் முடியும் நாள்வரை. அவரது கணக்கு அதைவிட நீண்டது.