கோப்பிக் காலத்தின் சுவடு தேடி: ஒரு கண்டிச்சீமைப் பயணம்

வெளிநாட்டில் வாழும் நண்பரொருவர் தென்மேற்கு ஆபிரிக்காவின் நமீபியப் பாலைவனத்தைக் காரிலே கடந்து சென்றபோது எடுத்த படங்கள் சிலவற்றை எனக்கு அனுப்பியிருந்தார். கோல்மன்ஸ்கொப் என்பது அவ்வூரின் பெயர். 1908இல் அங்கே புகையிரதப் பாதையில் மணல் அள்ளிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவரின் கையில் வைரக்கல் அகப்பட்டது. பாலைவனத்தின் நடுவே ஒரு நகரம் எழுந்தது. வைரம் குறைந்ததும் மக்களும் குறைந்தனர். 1956இல் கடைசி மனிதரும் வெளியேறினார். இன்று அந்த மாளிகைகளின் அறைகளுக்குள் இடுப்பளவு மணல் குவிந்து கிடக்கிறது.

‘உங்கள் நாட்டில் இப்படியோர் ஊர் உண்டா?’ என்று நண்பர் கேட்டிருந்தார். இல்லை என்று பதில் எழுத எண்ணினேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். உண்டு, என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தூரத்திலேயே உண்டு. பாலைவனம் பாழ்பட்டதைப் பாதுகாத்து வைக்கிறது. கண்டியின் மழையோ அதை மூடி விடுகிறது. மணலுக்குப் பதிலாக இங்கே மானாப்புல்லும் காடும். வித்தியாசம் அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

தேயிலைக்கு முன்னர் மலைநாட்டை ஆண்டது கோப்பி என்பதை வாசகர்கள் அறிவார்கள். ஆனால், அந்த ஆட்சி எத்தகையது என்பதை இன்று கண்டியில் வாழ்வோரே மறந்துவிட்டனர். 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பிலிருந்து கண்டிக்குப் பாதை போட்டார். பேராதனைக்கு அருகே கன்னொருவையில் தாமே கோப்பித் தோட்டமும் போட்டார். பாதையைப் போட்டவரே தோட்டக்காரராகவும் இருந்ததில் அன்று எவரும் குற்றம் காணவில்லை. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டு அங்கே கோப்பி விளைச்சல் சரிந்த வேளையில், 1835இல் இலங்கைக் கோப்பிக்கும் இறக்குமதித் தீர்வை சமமாக்கப்பட்டது. அதன் பிறகு வந்தது ஒரு வெறி. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமையைப் பத்திரத்தால் நிரூபிக்க இயலாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரிய நிலமாக்கிற்று. இராணுவ அதிகாரிகளும் அரசாங்க உத்தியோகத்தர்களும் நீதிபதிகளுங்கூடக் காடு வாங்கினார்கள். வைரம் தேடி ஓடியவர்களுக்கும் இவர்களுக்கும் மனத்தளவில் வேறுபாடில்லை. 1870களில் கோப்பி ஏறத்தாழ 2,75,000 ஏக்கரில் பரந்து கிடந்தது.

முதலில் ஹந்தானைக்குச் சென்றேன். நகரத்திலிருந்து சில நிமிடங்களில் ஏறிவிடலாம். 1925இல் கட்டப்பட்ட அங்குள்ள தேயிலைத் தொழிற்சாலை பத்தாண்டுகளுக்கு மேல் பாழடைந்து கிடந்தது. 2001இல் அதைத் தேயிலை நூதனசாலையாக்கினார்கள். பழைய உருளைகளும் எஞ்சின்களும் துடைத்து நிறுத்தப்பட்டுள்ளன. நல்ல முயற்சிதான். ஆயினும், இயந்திரத்திற்கு ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது. அதன் முன்னே நின்று இரவும் பகலும் உழைத்தவனுக்கு இல்லை.

அங்கிருந்து இறங்கி, பேராதனை வழியாகக் கலஹாவுக்கும், அப்பால் தெல்தோட்டைக்கும் ஏறினேன். ஒருபுறம் பராமரிக்கப்பட்ட தேயிலை. மறுபுறம் கவாத்து வெட்டப்படாமல் மரமாகவே வளர்ந்துவிட்ட தேயிலை. தேயிலைச் செடியை ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால் அது மரமாகிவிடும் என்பதைப் பலர் அறியார். மனிதன் நீங்கிய இடத்தின் முதல் அடையாளம் அதுவே.

என் இலக்கு லூல்கந்துறை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் 19 ஏக்கரில் முதன்முதலாக வணிக நோக்கில் தேயிலை நட்ட இடம். அவர் வாழ்ந்த மரக்குடிலின் புகைபோக்கி மட்டும் இன்றும் எஞ்சி நிற்கிறது. கொழும்பு–கண்டிப் புகையிரதம் ஓடத் தொடங்கியதும் அதே 1867இல்தான். அந்தப் பாதை கோப்பியைச் சுமப்பதற்காகவே போடப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1869இல், மடூல்சீமையில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொடி தோன்றிற்று.

அந்தப் பூஞ்சணத்திற்குப் பேர்க்லி என்ற ஆங்கிலேய அறிஞர் ‘ஹெமிலெயா வாஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயரிட்டார். இரண்டாவது சொல்லுக்கு இலத்தீன் மொழியில் ‘பாழாக்குவது’ என்று பொருள். பெயரிட்டவருக்கே அதன் முழுப்பொருள் அன்று விளங்கியிருக்க முடியாது. துரைமார் முதலில் அலட்சியம் செய்தார்கள். இன்னும் காட்டை வெட்டி இன்னும் கோப்பியை நட்டார்கள். உலகச் சந்தையில் விலை உயர்ந்திருந்ததால் நட்டம் கண்ணுக்குத் தெரியவில்லை. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் ஆராய வந்தார். காற்றில் பரவும் வித்துகளுக்கு, மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டு விருந்து வைத்ததே பிழை என்பதை அவர் கண்டார். அப்போது காலம் கடந்துவிட்டது. 1884 மே மாதத்தில் ஓரியன்டல் வங்கி கதவை மூடியது. தோட்டங்கள் கேட்பாரற்றுக் கிடந்தன.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கோல்மன்ஸ்கொப்பில் வீடுகள் நிற்கின்றன. இங்கே கோப்பிக் காலத்துத் தொழிலாளியின் வீடு ஏன் ஒன்றுகூட நிற்கவில்லை?

பதில் அந்தப் பயிரின் இயல்பிலேயே இருக்கிறது. கோப்பிக்கு ஆள் வேண்டியது பெரும்பாலும் அறுவடைக் காலத்தில்தான். தமிழகத்தின் இராமநாதபுரம், திருச்சி, மதுரை முதலிய பகுதிகளிலிருந்து கங்காணியின் பின்னே வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே மாத்தளை வரை நடந்தார்கள். பருவம் முடிந்ததும் அதே வழியில் ஊர் திரும்பினார்கள். அவர்களுக்கு இது ‘கண்டிச்சீமை’. வாந்திபேதியும் காய்ச்சலும் பட்டினியும் அந்தப் பாதையில் எத்தனையோ பேரை விழுங்கின. அவர்களின் புதைகுழிகளே கோப்பிக் காலத்தின் உண்மையான இடிபாடுகள். அவற்றுக்குக் கல் இல்லை. டெய்லர் 1892இல் மறைந்தார். கண்டி மஹியாவ மயானத்தில் அவருடைய கல்லறையை இன்றும் காணலாம்.

தேயிலை வந்தபோது நிலைமை மாறிற்று. கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டும். எனவே குடும்பத்தோடு தங்க வைத்தார்கள். லயங்கள் எழுந்தன. வந்துபோனவர்கள் வாழ்ந்திருப்பவர்கள் ஆனார்கள். ஆனால், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் இன்னமும் வந்துபோகிறவர்களாகவே தெரிந்தார்கள்.

திரும்பும் வழியில், தெல்தோட்டைக்கு அருகே பாழடைந்த லயம் ஒன்றைக் கண்டு காரை நிறுத்தினேன். கூரைத் தகரம் இல்லை. காம்பராக்களின் நடுவே மரங்கள் நின்றன. வாசற்படிகள் மட்டும் தேய்ந்து மழமழப்பாக இருந்தன. பாதையோரம் விறகு சுமந்து வந்த முதியவர் ஒருவரிடம் விசாரித்தேன்.

“பன்னெண்டு காம்பரா ஐயா. அஞ்சாறு குடும்பம் ஒரே நாள்ல போச்சு. கூடலூர்ப் பக்கம்னு கேள்வி. எங்க அத்தையும் போச்சு. அப்புறம் ஒரு கடுதாசி வந்துச்சு, அம்புட்டுதான்.”

நான் பத்திரிகைத் துறையில் காலடி வைத்த 1970களில் கண்டிப் புகையிரத நிலையத்தில் கண்ட காட்சி மீண்டும் கண்முன் வந்தது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். தகரப்பெட்டிகளோடு தலைமன்னாருக்குப் போகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அந்த வண்டிக்கு மலையகத்தார் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. அன்று நான் எழுதியனுப்பிய செய்தியில் எத்தனை பேர் சென்றனர் என்ற எண்ணிக்கை இருந்தது. ஒருவரின் பெயர்கூட இல்லை. நூதனசாலையில் நான் கண்ட குறை என் எழுத்திலும் இருந்தது என்பதை இத்தனை ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொள்கிறேன்.

ஒப்பந்தங்களின் கீழ் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சென்றனர். 1984இல் கப்பல் நின்றது. எஞ்சியோருக்கு 2003இல் சட்டத்தின் மூலம் பிரஜாவுரிமை கிடைத்தது. 2023இல், மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் அந்தப் பழைய பாதையில் நடந்தார்கள். காலம் தாழ்ந்ததெனினும் கல் இல்லாத புதைகுழிகளுக்குச் செலுத்தப்பட்ட அஞ்சலி அது.

நண்பருக்குப் பதில் எழுதிவிட்டேன். பாலைவனத்தில் வைரம் தீர்ந்தது. மனிதர் தாமாக நீங்கினர். இங்கே கோப்பி அழிந்தது, துரைமார் நீங்கினர். தேயிலை செழித்தது, ஆயினும் உழைத்தவர்கள் நீக்கப்பட்டனர். அந்த லயத்தின் படியை நான் படம் எடுத்து வந்திருக்கிறேன். கூடலூரிலோ, கோத்தகிரியிலோ, வேறெந்தத் தேசத்திலோ இருந்து இதைப் படிக்கும் அன்பர்களில் எவருடைய பாட்டியேனும் தெல்தோட்டைப் பக்கத்தில் பிறந்தவராயின், அவரிடம் தோட்டத்தின் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மழை மூடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அது.