முகவரிப் பட்டைக்குள் ஒளிந்திருக்கும் கட்டளை வரி

இணையத் தேடலுக்கான சுருக்குச்சொற்கள் தேடுபொறி நிறுவனங்கள் தந்த வசதி என்று தோன்றலாம். வரலாறு வேறு. தேடுசொல்லை முகவரியிலேயே ஏற்றி அனுப்பும் படிவ முறைதான் அவற்றுக்கு வழிவிட்டது. விக்கிப்பீடியாவின் தேடல் முடிவுப் பக்கத்தில் முகவரியைப் பாருங்கள். நீங்கள் தட்டிய சொல் அதற்குள் கிடக்கும். அதை நீக்கிவிட்டு விழுக்காட்டுக் குறியும் எஸ் என்ற எழுத்தும் வைத்தால், எந்தச் சொல்லையும் நிரப்பக்கூடிய வெற்றிடம் தயார். மொசில்லா உலாவி அந்த முகவரியைப் புத்தகக்குறியாக்கி, அதற்கு ஓரெழுத்துப் பெயர் சூட்டவும் இடம் கொடுத்தது. 2004-இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 1.0 அதைத் தொடர்ந்தது. அந்த எழுத்து, ஓர் இடைவெளி, தேடுசொல், என்டர். எந்தத் தளத்தின் ஒப்புதலும் தேவையில்லை. குறும்பெயரையும் அதன் பின் சொல்லையும் தட்டும் இந்த முறையை யூனிக்ஸ் காலக் கட்டளை வரியின் வாரிசு என்பேன். 2005-இல் வந்த யப்நப் தளம் தன்னை இணையத்துக்கான கட்டளை வரி என்றே சொல்லிக்கொண்டது. டக்டக்கோ தேடுபொறி ஆச்சரியக்குறியைக் கட்டளையின் அடையாளமாக்கியது.

கூகுளே எல்லாவற்றையும் தேடித் தரும்போது இது எதற்கு? நியாயமான கேள்விதான், பலர் இதைத் தொடாததற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். ஆனால் அகராதியில் ஒரு சொல்லைப் பார்க்க நினைப்பவருக்கு எங்கே பார்ப்பது என்பது முன்பே தெரியும். அவரை விளம்பரங்கள் கலந்த பட்டியல் வழியாக அனுப்புவது வீண் சுற்று. எழுத்துகளை நினைவில் வைப்பது கடினம் என்ற வாதமும் நிற்காது. தினமும் போகும் தளங்கள் நாலைந்துதானே? 2008-இல் வந்த குரோம், முகவரிப் பட்டையையும் தேடல் பெட்டியையும் ஒன்றாக்கியது. அதன் அமைப்புகளிலும் அதே வெற்றிடக் குறி இன்றுவரை வேலை செய்கிறது.