எழுந்து நடந்த பேரரசி



1898 செப்டம்பர் 10. ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத் கப்பலேறுவதற்காக ஜெனீவா ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தார். லூயிஜி லுக்கேனி என்பவன் கூராக்கிய அரத்தால் அவர் மார்பில் குத்தினான். விழுந்தவர் எழுந்து, நடந்தே போய்க் கப்பலேறினார். யாரோ இடித்துத் தள்ளியதாகத்தான் நினைத்தார்கள். பிறகு மயங்கிச் சரிந்தார், உயிர் பிரிந்தது.

குத்துப்பட்டவர் எப்படி நடந்தார்? காயம் மிகச் சிறியது. இதயத்தைச் சுற்றி ஓர் உறை உண்டு. அது சட்டென்று விரிந்து கொடுக்காது. அதற்குள் இரத்தம் மெல்லக் கசிந்து தேங்கி, இதயத்தை நெருக்கியது. இதயம் விரிந்தால்தானே இரத்தம் உள்ளே வரும்? வற்றிய கிணற்றில் ஓடும் மோட்டார் போலாகிவிட்டது.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 1896 செப்டம்பர் 9 அன்று, பிராங்பர்ட்டில் லுட்விக் ரேன் என்ற மருத்துவர், கத்திக்குத்துப்பட்ட ஓர் இளைஞரின் இதயத்தில் தையல் போட்டுப் பிழைக்க வைத்திருந்தார். தோட்டவேலை செய்த அந்த இளைஞருக்குக் கிடைத்தது, பேரரசிக்குக் கிடைக்கவில்லை.

1935-இல் அமெரிக்க மருத்துவர் கிளாட் பெக் மூன்று அறிகுறிகளைத் தொகுத்துச் சொன்னார்: இரத்த அழுத்தம் குறையும், கழுத்துச் சிரை புடைக்கும், இதய ஒலி மங்கும். இன்று எக்கோ பரிசோதனையில் தேக்கம் தெரிந்துவிடும்; ஊசி செலுத்தி நீரை வெளியேற்றுகிறார்கள். காயம் மட்டுமல்ல, காசநோய், புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றாலும் நீர் தேங்கலாம்.

பிள்ளைகளே, விபத்தில் மார்பில் அடிபட்டவர் “எனக்கு ஒன்றுமில்லை” என்று எழுந்து நடந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.